நம் ஊர் அவையில் பேசப்படுகிறதா? எம்.எல்.ஏ., எம்.பி. பேச்சைப் படித்தறிய ஓர் எளிய வழிகாட்டி

1970-களின் தொடக்கம் வரை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்திலிருந்து கப்பலேறிய தோலில் பெரும்பகுதி மரப்பட்டையிலும் கடுக்காயிலும் பாதி பதனிட்ட தோல்தான். அதை வாங்கி முழுமையாக்கிக் காலணியாகவும் கைப்பையாகவும் விற்று லாபம் பார்த்தவர்கள் ஐரோப்பியர்கள். 1972-ல் சீதாராமையா குழு மத்திய அரசுக்கு ஒரு பரிந்துரை தந்தது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைக்க வேண்டும், முழுமையாக்கிய தோலையும் தோல் பொருளையும் இங்கேயே செய்து அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டிலிருந்தே கட்டுப்பாடுகள் வந்தன.

அதன் பிறகு நம் வட்டாரத்தின் முகமே மாறியது. தோல் பதனிடும் டேனரிகளில் குரோம் பதனிடல் பெருகியது. ஷூ கம்பெனிகள் வந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அதே காலத்தில் கிணற்று நீர் உப்புக் கரித்தது, நிலம் வெளுத்தது, பாலாற்றுப் படுகை கெட்டது. வேலையும் வந்தது, கேடும் வந்தது. இரண்டுக்கும் ஒரு பங்குக் காரணம் டெல்லியில் எடுத்த ஒரு வணிகக் கொள்கை.

உள்நாட்டுக் கொள்கை என்று செய்தித்தாளில் படிக்கும்போது அது நமக்குத் தொடர்பில்லாத பெரிய இடத்து விவகாரம்போலத் தோன்றும். உண்மையில் அது நம் வீட்டுக் குழாய்க்கும் சம்பளக் கவருக்கும் வந்து சேரும் விஷயம். அப்படி வந்து சேரும் முன்பே நமக்காக அதைக் கேள்வி கேட்கவும் திருத்தம் கோரவும் எதிர்க்கவும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறோம். அவர் அவையில் என்ன செய்ய முடியும், செய்தாரா இல்லையா என்பதை நாமே எப்படிப் பார்த்துக்கொள்வது? இந்தக் கட்டுரை அதைத்தான் விளக்குகிறது.

நம் ஊர் பேரணாம்பட்டுக்காகப் பேசுபவர்கள் யார்?

2006 தேர்தல் வரை பேரணாம்பட்டு என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008-ன் தொகுதி மறுவரையறையில் அது இல்லாமல் போனது. இப்போது பேரணாம்பட்டு நகரம் குடியாத்தம் தனித் தொகுதியில் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு வேலூர் தொகுதி. வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்ததுதான் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி. தோல் தொழில் வட்டாரத்தின் பெரும்பகுதி ஒரே எம்.பி.யின் கையில் இருக்கிறது என்று பொருள். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன, பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கிவிட்டது. மாவட்டம் பிரிந்தாலும் எம்.பி. தொகுதி பிரியவில்லை. ஆகவே ஆம்பூர், பேரணாம்பட்டு பிரச்சினைகளை ஒன்றாகச் சேர்த்து டெல்லியில் பேசும் வாய்ப்பு அவருக்கு உண்டு.

இந்த மண்ணுக்கு அவை வரலாற்றிலும் ஓர் இடம் இருக்கிறது. 1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சராகப் பதவியேற்றபோது அவர் சட்டமன்ற உறுப்பினராக இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி.யாக இருந்தார். அவையில் உறுப்பினராக இல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும் என்பது அரசமைப்பின் விதி. அவருக்கு முன் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, ஆளுநரின் நியமனம் பெற்று மேலவை வழியாக வந்தவர். காமராசர் மக்களிடம் வாக்குக் கேட்டுப் போகும் வழியைத் தேர்ந்தார். அவர் நின்று வென்ற இடம் நமக்குப் பக்கத்திலுள்ள குடியாத்தம். அவையில் பேசும் உரிமை வாக்காளரிடமிருந்துதான் வர வேண்டும் என்பதை நம் வட்டாரம் அன்றே பார்த்திருக்கிறது.

எந்தப் பிரச்சினை எந்த அவைக்கு?

நம்மில் பலர் எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ. வீட்டுக்கே போகிறோம். சில வேலைகள் அவர் கையில் இல்லை. அரசமைப்பின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியலாகப் பிரித்திருக்கிறது: மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். பேரணாம்பட்டின் பிரச்சினைகளை அந்தப் பட்டியல்களோடு பொருத்திப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு: முதலில் நகராட்சி, அதற்கு மேல் மாநில அரசு. வார்டு கவுன்சிலரும் எம்.எல்.ஏ.வும் பேச வேண்டியவை. பாலாறு ஓடும் மாவட்டத்துக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சட்டமன்றத்தில் கேட்கப்பட வேண்டிய விஷயம்.

பாலாற்றின் குறுக்கே ஆந்திரம் கட்டும் தடுப்பணைகள்: மாநிலங்களுக்கு இடையிலான ஆறு என்பதால் மத்தியப் பட்டியல். 1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. 2006-ல் குப்பம் அருகே கணேசபுரத்தில் அணை கட்ட ஆந்திரம் முனைந்தபோது தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. இங்கே எம்.பி.யின் குரலும் மாநில அரசின் வழக்கும் சேர்ந்து நடக்க வேண்டும்.

தோலுக்கான இறக்குமதி, ஏற்றுமதி வரி: முழுக்க மத்திய அரசு. 2025 பிப்ரவரி 1 அன்று வந்த மத்திய பட்ஜெட்டில், குரோமில் முதல்கட்டமாகப் பதனிட்ட ‘வெட் புளூ’ தோலுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது. அடுத்த கட்டமான ‘கிரஸ்ட்’ தோலுக்கு இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியும் நீக்கப்பட்டது. 1973-லிருந்து நாடு பிடித்துவந்த கொள்கையில் இது பெரிய திருப்பம். சிறு டேனரிக்காரர்களுக்கு இது உதவியா? முழுமையாக்கும் வேலையும் அதிலுள்ள கூலியும் வெளிநாட்டுக்குப் போய்விடுமா? கேட்க வேண்டிய இடம் மக்களவை, கேட்க வேண்டிய நேரம் நிதி மசோதா விவாதம். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது. அதன் அடி ஆம்பூர் வட்டாரத்து ஷூ கம்பெனிகளில் விழுந்தது. வெளிநாட்டு வணிகமும் மத்திய அரசின் வேலைதான்.

ஜி.எஸ்.டி.: இதை மத்திய, மாநில நிதியமைச்சர்கள் அமரும் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவுசெய்கிறது. எனவே எம்.பி. மத்திய நிதியமைச்சரிடம் கேட்கலாம், எம்.எல்.ஏ. மாநில நிதியமைச்சரிடம் “கவுன்சிலில் நம் தொழிலுக்காக என்ன பேசினீர்கள்?” என்று கேட்கலாம்.

தொழிலாளர் கூலி, பாதுகாப்பு: பொதுப் பட்டியல். சட்டம் பெரும்பாலும் டெல்லியில் வரும், நடைமுறையும் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பும் பெரும்பாலும் சென்னையில் நடக்கும். காட்டு யானை ஊருக்குள் வருவதும் அப்படித்தான். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. காடும் வனவிலங்கும் பொதுப் பட்டியல், பயிர்ச்சேத இழப்பீட்டை மாநில வனத்துறை கொடுக்கிறது.

டேனரிக் கழிவுநீர்: தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் நாடாளுமன்றம் இயற்றியது. அதை இங்கே அமல்படுத்துவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆகவே இரண்டு அவையிலும் கேட்கலாம். சட்டம் போதுமா என்பது டெல்லிக் கேள்வி, வாரியம் வேலை செய்கிறதா என்பது சென்னைக் கேள்வி.

மக்களவையில் எம்.பி.யின் கருவிகள்

“எங்க எம்.பி. பேசவே இல்ல” என்று சொல்லும் முன், பேச எத்தனை வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வழி கேள்வி நேரம். மக்களவை கூடியதும் காலை 11 மணிக்குத் தொடங்கும் ஒரு மணி நேரம். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் இந்தப் பட்டியலில் ஏறும், அவற்றிலும் சிலவற்றுக்குத்தான் அவையில் நேரம் கிடைக்கும். நட்சத்திரமில்லாக் கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். அது நாளொன்றுக்கு 230 வரை. குறைந்தது 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே நாளுக்குப் பலர் கேட்டால் சீட்டுக் குலுக்கலில் முன்னுரிமை தீர்மானிக்கப்படும். இதற்குப் பேச்சுத்திறன் தேவையில்லை. ஆளுங்கட்சியாக இருக்க வேண்டியதும் இல்லை. உழைப்பும் ஊர் அறிவும் போதும்.

அமைச்சரின் பதில் அச்சேறிவிட்டால் அது அரசின் அதிகாரபூர்வமான சொல். தெரிந்தே தவறான தகவல் தந்தால் உரிமை மீறல் பிரச்சினை எழுப்பலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாம் மனுப் போட்டால் ஓர் அலுவலர் பதில் சொல்வார். கேள்வி நேரத்தில் பொறுப்பேற்பவர் அமைச்சரே.

இரண்டாவது, கேள்வி நேரம் முடிந்தபின் வரும் பூஜ்ய நேரம். அவசரமான ஊர்ப் பிரச்சினையை இரண்டு மூன்று நிமிடத்தில் எழுப்பலாம். அமைச்சர் உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொலைக்காட்சியிலும் கைப்பேசிக் காணொளியிலும் நாம் அதிகம் பார்ப்பது இந்தப் பேச்சுகளைத்தான். பார்க்க எழுச்சியாக இருக்கும். பதிலைப் பெற்றுத்தரும் கருவி என்று பார்த்தால் கேள்வியே வலுவானது.

மூன்றாவது, 377-ஆம் விதி. தொகுதிப் பிரச்சினையைச் சுருக்கமான அறிக்கையாக அவையில் வைக்கலாம். ஓர் உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்று. சம்பந்தப்பட்ட அமைச்சகம் பின்னர் எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் கடிதத்தை எம்.பி.யிடம் நாம் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

நான்காவது, மசோதா விவாதமும் பட்ஜெட் விவாதமும். ஒவ்வொரு கட்சிக்கும் அதன் பலத்துக்கேற்ப நேரம் ஒதுக்குவார்கள். சிறிய கட்சியின் உறுப்பினருக்குச் சில நிமிடமே கிடைக்கும். கட்சிக் கொறடா கட்டளையிட்டால் வாக்கு அதன்படிதான் போட வேண்டும், மீறினால் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறிக்கும். ஆனால் அந்தச் சட்டம் வாக்கைத்தான் கட்டுகிறது. கொறடா கேட்டபடி வாக்களித்தாலும், “இந்தப் பிரிவு எங்கள் வட்டாரத்துத் தொழிலாளியை இப்படிப் பாதிக்கும்” என்று பேசிப் பதிவுசெய்ய எந்த உறுப்பினருக்கும் இடம் இருக்கிறது.

ஐந்தாவது, தனிநபர் மசோதா. அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம், வெள்ளிக்கிழமை பிற்பகலில் விவாதம் நடக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு இப்படிச் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக நடந்தது 1970-ல். அப்படியானால் இது வீண் வேலையா? திருச்சி சிவாவின் முயற்சி அதற்கு விடை சொல்லும். திருநங்கை, திருநம்பியர் உரிமைக்காக மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று ஒருமனதாக நிறைவேறியது. பல பத்தாண்டுகளாக எந்த அவையிலும் நடக்காத ஒன்று அது. மக்களவையில் அந்த மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டிய நிலை உருவாகி, 2019-ல் சட்டம் வந்தது. அரசின் சட்டம் போதவில்லை என்று திருநர் சமூகத்தினர் வாதிட்டபோது, அளவுகோலாக அவர்கள் கையில் சிவாவின் மசோதா இருந்தது. ஓர் உறுப்பினரின் உழைப்பு தோற்றதுபோலத் தெரிந்தாலும் அடுத்து வருவதற்கு அடித்தளம் போட்டுவிடும்.

ஆறாவது, நிலைக்குழுக்கள். துறைவாரியாக 24 குழுக்கள் இருக்கின்றன. மசோதாக்களையும் துறைகளின் செலவுத் திட்டத்தையும் அங்கே உறுப்பினர்கள் வரிவரியாகப் பார்க்கிறார்கள், அதிகாரிகளை அழைத்துக் கேட்கிறார்கள். அங்கே ஒளிப்பதிவுக் கருவி கிடையாது என்பதால் கூச்சலும் குறைவு. குழு அறிக்கை வெளியாகும். நம் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று தெரிந்துவைத்துக்கொண்டால், அந்தக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது தோல் தொழிலாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் மனு அனுப்பலாம்.

சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ.வின் கருவிகள்

சென்னையிலும் கேள்வி நேரம் உண்டு. அதோடு கவன ஈர்ப்புத் தீர்மானம் உண்டு: பொது முக்கியத்துவம் உள்ள ஓர் அவசர விஷயத்தில் அமைச்சரின் கவனத்தை ஈர்த்து விளக்கம் பெறுவது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை, அவர்களுக்காகத் தேர்தலில் யாரும் கணக்குப் போடுவதில்லை. இப்படிப்பட்ட சாவுகள் நடக்கும்போது அவையில் எழுந்து கேட்பதற்குத்தான் கவன ஈர்ப்பு இருக்கிறது. வாக்கில்லாதவருக்காகவும் பேசுகிறவரே முழுமையான மக்கள் பிரதிநிதி.

பட்ஜெட்டுக்குப் பின் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதம் இன்னும் முக்கியமானது. ஒவ்வொரு துறையும் தனக்கான பணத்தை அவையிடம் கேட்கும். அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைப்பார். அந்த ஆண்டு என்ன செய்தோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது அதில் தமிழிலேயே இருக்கும். சுற்றுச்சூழல், நகராட்சி நிர்வாகம், தொழிலாளர் நலம் ஆகிய மூன்று துறைகளின் குறிப்புகளைப் படித்தாலே நம் வட்டாரத்தைப் பற்றி அரசு என்ன நினைக்கிறது, எதை நினைக்கவே இல்லை என்பது தெரிந்துவிடும். அமைச்சர் கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுப்பது, குறையைச் சுட்டிக்காட்டும் ஒரு முறை.

110-ஆம் விதியின் கீழ் அறிவிப்பு என்று செய்திகளில் அடிக்கடி கேட்டிருப்போம். அந்த விதிப்படி அமைச்சர் அறிக்கை படிக்கலாம், அதன்மீது விவாதம் கிடையாது. ஊருக்குப் பாலமோ கல்லூரியோ அந்த வழியில் அறிவிக்கப்பட்டால் மகிழ்ச்சிதான். எவ்வளவு பணம், எப்போது முடியும், ஏன் இந்த இடம் என்று கேட்கும் வாய்ப்பு மட்டும் அந்த நேரத்தில் இல்லை. பிற்பாடு கேள்வியாக எழுப்பினால்தான் பதில் கிடைக்கும். அறிவிப்பு வந்ததும் பட்டாசு வெடிப்பதோடு நிறுத்தாமல், அடுத்த கூட்டத்தொடரில் அதைப் பற்றிக் கேட்கச் சொல்வது நம் வேலை.

சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் நேரடியாக மனு அனுப்பலாம். குழு மாவட்டங்களுக்கு வந்து அதிகாரிகளை வைத்துக்கொண்டே விசாரிப்பதும் உண்டு. பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது.

சொன்ன சொல் எப்படிப் பிடிமானமாகிறது?

அவைத்தலைவர் நீக்கியவை தவிர, அவையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் அவைக்குறிப்பில் ஏறும். “பேசி என்ன ஆகப்போகிறது?” என்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் அனுபவத்திலிருந்தே பதில் சொல்லலாம்.

1959-ல் மக்களவையில் ஃபிராங்க் அந்தோணி என்ற நியமன உறுப்பினர், ஆங்கிலத்தை எட்டாவது அட்டவணையில் சேர்க்கக் கோரி ஒரு தனிநபர் தீர்மானம் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 7 அன்று அந்த விவாதத்தில் பிரதமர் நேரு ஓர் உறுதிமொழி தந்தார். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் மாற்று மொழியாக நீடிக்கும், அதை முடிவுசெய்யும் உரிமையை அவர்களிடமே விடுவேன் என்பது அதன் பொருள். 1963-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் அந்த உறுதியை அழுத்தமாகச் சொல்லவில்லை என்று தமிழ்நாடு கொதித்தது. 1965 போராட்டத்துக்குப் பிறகு 1967-ல் திருத்தம் நிறைவேறி, இந்தி பேசாத மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஏற்காமல் ஆங்கிலத்தை விலக்க முடியாது என்ற நிலை வந்தது. போராடியவர்கள் கையில் இருந்த வலுவான ஆதாரம், அவையில் ஒரு பிரதமர் சொல்லிப் பதிவான சொல். அந்தச் சொல்லை வரவழைத்தது ஒரு தனி உறுப்பினரின் தீர்மானம்.

இதே முறை சிறிய அளவில் தினமும் நடக்கிறது. அமைச்சர் “ஆவன செய்யப்படும்”, “பரிசீலிக்கிறோம்” என்று அவையில் சொன்னால், அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மக்களவையில் அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நெறி, அதைக் கண்காணிக்க உறுதிமொழிகள் குழு இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. ஆகையால் ஒரு கேள்விக்குக் கிடைத்த மழுப்பல் பதில்கூட, பின்தொடரத் தெரிந்த உறுப்பினருக்கு ஒரு பிடிமானம்.

அவை பேசாதபோது என்ன ஆகும்?

1991-ல் வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. டேனரிக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுப்பதைத் தடுக்கக் கோரிய பொதுநல வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வுத் தகவலை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கும் என்று அறிவித்தது. இன்று இந்தியாவின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூரின் பெயர் அங்கே எடுத்துச் சொல்லப்படுகிறது.

தீர்ப்பைத் தொடர்ந்து அமைந்த ஆணையம் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக அடையாளம் கண்டு, இழப்பீடு நிர்ணயித்தது. ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இழப்பீடு, நில மீட்பு, கண்காணிப்புக் குழு என்று பல உத்தரவுகள் போட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

நீதிமன்றம் செய்தது பெரும் உதவி. ஆனால் நீதிமன்றம் உத்தரவிடலாம், தண்டிக்கலாம். ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவது, வாரியத்தில் காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்வது, சிறு டேனரிக்குச் சுத்திகரிப்புச் செலவில் மானியம் கேட்பது, வேலையும் போகாமல் நீரும் கெடாமல் இருக்க வழி தேடுவது இவையெல்லாம் அவையின் வேலை. அவை அதைத் தொடர்ந்து செய்யாவிட்டால் குடிமக்கள் ஆண்டுக்கணக்கில் வக்கீலைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இன்னொரு எடுத்துக்காட்டு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். நான்கில் மூன்று, 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் அப்போது அவையைப் புறக்கணித்திருந்தன. வேலைநீக்கம், பணிப் பாதுகாப்பு, சமூகப் பாதுகாப்பு என்று ஷூ கம்பெனிப் பெண்ணிலிருந்து பீடித் தொழிலாளி வரை தொடும் சட்டங்கள் அவை. நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. புறக்கணிப்புக்கு அவர்கள் சொன்ன காரணம் எதுவானாலும், ஒவ்வொரு பிரிவையும் பிடித்துக் கேட்டிருக்க வேண்டிய குரல்கள் அன்று அவைக்குறிப்பில் இல்லை. அந்த இழப்பு தொழிலாளியுடையது.

அயர்லாந்தில் எப்படி?

அவைப் பதிவை மக்கள் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அயர்லாந்து ஓர் எடுத்துக்காட்டு. அது சிறிய நாடு. அதன் 1937 அரசமைப்பிலிருந்துதான் நம் அரசமைப்பின் வழிகாட்டு நெறிகள் என்ற பகுதிக்கு முன்மாதிரி கிடைத்தது. மக்கள் நல்வாழ்வைக் காப்பது அரசின் கடமை என்னும் 47-ஆம் பிரிவும், 1976-ல் சேர்ந்த சுற்றுச்சூழல் காப்பு பற்றிய 48-அ பிரிவும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

அங்கே கீழவைக்கு டாயில் என்று பெயர், இப்போது 174 உறுப்பினர்கள். ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள் தேர்வாகிறார்கள். ஒரே தொகுதியில் ஒரே கட்சியிலிருந்தே இருவர் வருவதும் உண்டு. அதனால் யார் ஊருக்காக அதிகம் கேட்டார் என்ற போட்டி கட்சிக்குள்ளேயே நடக்கும். ஊர் மருத்துவமனையில் செவிலியர் பற்றாக்குறை, பள்ளிக்கூடக் கட்டடம், வீட்டு வசதி என்று எழுத்துக் கேள்விகள் ஆண்டுக்குப் பல்லாயிரக்கணக்கில் போகின்றன, சில நாட்களிலேயே பதில் வருகிறது. ஓர் உறுப்பினரின் பெயரைத் தட்டினால் அவர் எந்தத் தேதியில் எந்த விவாதத்தில் என்ன பேசினார் என்பது முழுதும் திரையில் வரும். வாக்காளர் அதைப் படிக்கிறார், உள்ளூர்ப் பத்திரிகை அதை எழுதுகிறது. படிக்க ஆள் இருப்பதால் உறுப்பினரும் தயாரித்துக்கொண்டு வருகிறார். நமக்கும் பதிவுகள் இருக்கின்றன. வாசகர்கள்தான் குறைவு.

பதிவை எப்படிப் படிப்பது?

மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் உறுப்பினர் பெயரைக் கொடுத்தால் அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும் கிடைக்கும். பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு ஒவ்வொரு எம்.பி.யின் வருகை, கேள்வி எண்ணிக்கை, விவாதங்களைத் தொகுத்து வெளியிடுகிறது. தமிழ்நாடு சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் தமிழிலேயே கிடைக்கின்றன. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசவும் உரிமை இருக்கிறது, உடனுக்குடன் மொழிபெயர்ப்பு செய்கிறார்கள்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அமைச்சர்களும் அவைத்தலைவரும் கேள்வி கேட்பதில்லை, அவர்கள் கணக்கு வேறு. ஒருவர் நூறு கேள்வி கேட்டு ஒன்றுகூடத் தொகுதியைத் தொடாமல் இருக்கலாம். இன்னொருவர் பத்தே கேள்வி கேட்டு ஒவ்வொன்றையும் விடாமல் பின்தொடர்ந்திருக்கலாம். படிக்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். கேள்வி குறிப்பாக இருக்கிறதா, பொத்தாம்பொதுவாக இருக்கிறதா? ஊர்ப் பெயர், ஆண்டு, தொகை கேட்டிருக்கிறாரா? மழுப்பலான பதில் வந்தபோது அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்டாரா? எதிர்க்கட்சியில் இருந்தபோது கேட்டதை ஆளுங்கட்சியான பிறகும் கேட்கிறாரா?

எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி ரூபாய் என்று தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. நிழற்குடையும் சமுதாயக் கூடமும் அதிலிருந்து வருகின்றன. கல்வெட்டில் பெயர் இருப்பதால் நாம் அதை மட்டுமே அவர்களின் வேலையாக நினைத்துவிடுகிறோம். ஒரு வரி மாற்றத்தால் நம் வட்டாரம் இழப்பதோ பெறுவதோ அந்த 5 கோடியைவிடப் பல மடங்கு.

நாம் செய்யக்கூடியது

மக்களவை ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது: பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம். ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் ஒரு மாதம் முன்பே எம்.பி. அலுவலகத்தில் கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். “பாலாற்றைக் காப்பாற்றுங்கள்” என்று மனுக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவர் அப்படியே எழுதிக் கொடுக்கக்கூடிய வடிவத்தில் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக:

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் இயங்கும் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் மத்திய அரசு தந்த நிதி, ஆண்டுவாரியாக எவ்வளவு? கிரஸ்ட் தோலுக்கு ஏற்றுமதி வரி நீக்கியபின் தமிழ்நாட்டிலிருந்து அதன் ஏற்றுமதி எவ்வளவு கூடியது, முழுமையாக்கிய தோலின் ஏற்றுமதி எவ்வளவு மாறியது? 2025 ஜனவரித் தீர்ப்பின் எந்தெந்த உத்தரவுகள் நிறைவேறியுள்ளன?

எம்.எல்.ஏ.வுக்கு: பேரணாம்பட்டு நகராட்சியில் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, பற்றாக்குறையை நீக்க என்ன திட்டம்? பேரணாம்பட்டில் நிலத்தடி நீரை வாரியம் கடைசியாக எப்போது பரிசோதித்தது, முடிவு என்ன? யானையால் சேதமான பயிருக்கு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், இழப்பீடு பெற்றவர்கள் எத்தனை பேர்?

கட்சி பார்க்காமல், மதம், சாதி பார்க்காமல் பத்துப் பேர் சேர்ந்து இப்படி ஒரு கடிதம் கொடுத்தால் எந்த உறுப்பினரும் அதை ஒதுக்க மாட்டார். உண்மையில் பல உறுப்பினர்களுக்கு இது பெரிய உதவி. ஏனென்றால் நல்ல கேள்வி தயாரிக்க அவர்களிடம் ஆளும் நேரமும் குறைவு. பதில் வந்ததும் அதன் நகலை வாங்கி நூலகத்திலும் டீக்கடையிலும் ஒட்டுங்கள், பள்ளி மாணவர்களுக்குக் கொடுங்கள். அமைச்சர் தந்த எண் உங்கள் தெருவில் நீங்கள் பார்ப்பதோடு ஒத்துப்போகவில்லையென்றால், அடுத்த கேள்விக்கான சரக்கு கையில் கிடைத்துவிட்டது. அதை எழுதி அடுத்த கூட்டத்தொடருக்கு அனுப்புங்கள்.